எந்த ர?

கூனியாற்றுக்கு அக்கரை இல்லாமல் போனது ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை என்று இக்கரைத் தாவளத்து ஆட்கள் இன்றைக்கும் அடித்துச் சொல்வார்கள். ஏனென்றால் செவ்வாய்தோறும் அக்கரை எலவடிக்குச் சரக்கு ஏற்றிப் போகிற குதிரைக்கார மொக்கை அன்றும் மூன்று குதிரைகளில் அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் எண்ணி நாற்பது எட்டு வைத்து ஆற்றைக் கடந்து கரையேறியபோது, எதிரே ராக்கு அக்காவின் டீக்கடை இருந்தது, கடைக்கு முன்னால் அவன் கழற்றிவிட்டுப் போன செருப்பு கிடந்தது, ராக்கு அக்கா, "என்னப்பா, எதையாச்சும் மறந்துட்டுப் போயிட்டியா?" என்று கேட்டாள். மொக்கை திரும்பி இறங்கினான், நாற்பது எட்டு வைத்தான், ஏறினான், செருப்பு கிடந்தது. மூன்றாம் தடவை குதிரைகள் இறங்க மறுத்துவிட்டன. அவனைவிட அவற்றுக்குச் சீக்கிரம் புரிந்துவிட்டது. ஒரு டீயைக் குடித்து முடித்துவிட்டு, ஆத்துக்கு அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கந்தான் ரெண்டு தடவை இருக்கிறது என்று சொன்னான். ராக்கு அக்கா அப்படியா என்று கேட்டுக்கொண்டு, அரிசி மூட்டையை ஈரத்தில் வைக்காதே என்றாள்.

அதற்கு முதல் நாள்தான் ஆற்றங்கரையில் போர்டு நட்டிருந்தார்கள். எழுதியவன் சன்னாசி. மூன்று மலைக்கும் அவன் ஒருவன்தான் ஆர்ட்டிஸ்ட். ஏலக்காய் ஸ்டோரின் பெயர், கட்சிக் கொடிக்கம்பத்தின் பீடம், பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி, செத்தவர்களின் நினைவுப் படத்துக்குக் கீழே வருகிற இரண்டு வரி, எல்லாம் அவன் கைதான். அந்தக் கைக்கு எழுத்து அழகாக வரும்; எந்த எழுத்து வர வேண்டும் என்பதுதான் வராது. முதல் வரியை மலைக்கே கேட்கிற மாதிரி பெரிதாக ஆரம்பித்துவிட்டு, கடைசி வரிக்கு இடம் போதாமல் எறும்புச் சாரையாக நெருக்கி முடிப்பான். அது போக, சின்ன ரவும் பெரிய றவும் அவனுக்கு ஒன்றுதான்.

அந்தக் குறை வெளியே தெரியாமல் இத்தனை காலம் ஓடியதற்குக் காரணம் அவன் பெண்டாட்டி வீருசின்னு. எலவடியில் பிறந்தவள், கீழே டவுனில் ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது வரை படித்தவள். சன்னாசி முற்றத்தில் தகரத்தைச் சாய்த்துவைத்து எழுதிக்கொண்டே, "ஏ வீரு, எந்த ர?" என்று கத்துவான். அவள் அடுப்பு முன்னால் இருந்து, "எதுக்கு?" என்பாள். அரிசிக்கு என்றால் சின்ன ர என்று பதில் வரும். கறிக்கடைக்கு என்றால் பெரிய ற, சின்னதைப் போட்டால் அடுப்புக்கரி கேட்டு வந்து நிற்பார்கள் என்று பதில் வரும். ஒரு தடவை பொறுப்புக்கு என்றான். "பெரிய ற. ஒனக்கு எதுக்குய்யா அது?" என்று வந்தது.

வைகாசியில் அவள் நாலு மாதக் கர்ப்பம், காய்ச்சலில் ஒன்பது நாள் கிடந்தாள். அந்த ஒன்பது நாளும் சன்னாசி மலையேற்றக் கம்பெனிக்காக மேலே பாறை பாறையாக மஞ்சள் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தான். இறங்கி வந்ததும் அவள் நெற்றியைத் தொடுவதற்கு முன்னால், மொத்தம் இருநூற்றுப் பதினாறு அம்பு, ஒன்றுகூடக் கோணவில்லை என்றான். அவள் பாயில் இருந்து எழுந்து உட்கார்ந்து, "ஒனக்கு எங்க மேல அக்கறையே இல்ல மாமா" என்றாள். அவனுக்கு அந்த நேரத்தில் நாக்கில் வந்தது, "அப்ப அக்கரையிலேயே போயி இரு" என்பதுதான். சொல்லிய பிறகுதான் இரண்டும் ஒரே மாதிரி கேட்கிறது என்று அவனுக்கே பட்டது. அவள் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு, புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் சொருகிக்கொண்டு, நாற்பது எட்டில் ஆற்றைக் கடந்து, ஒரு தடவைகூடத் திரும்பாமல், எலவடியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆகவே ஆனியில், மலைப்பாதைகளைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி, பயணிகளை எச்சரிக்க ஒரு வாசகம் எழுது என்று சொன்னபோது வீட்டில் ஆள் இல்லை. அதிகாரிக்கு அடுக்குமொழியில் ஆசை. "அக்கறை இல்லை என்றால் ஆற்றில் இறங்காதே" என்று அவராகவே யோசித்த வாசகத்தை அவர் தாளில் எழுதித் தரவில்லை, போனில் சொன்னார், அதுவும் இரண்டு தடவை, ரசித்து. சன்னாசி பழக்கத்தில் வீட்டுப் பக்கம் திரும்பி எந்த ர என்று கேட்டான், பதில் வருகிற அளவுக்குக் காத்திருந்தான், பிறகு இடம் கம்மியாகப் பிடிக்கும் என்று சின்னதைப் போட்டான். சிவப்பில், ஆள் உயர எழுத்தில், முதல் வரி: அக்கரை இல்லை. மீதி கறுப்பில், எறும்புச் சாரையில், பலகையின் அடிப்பக்கத்தில். கூனியாறும் நம் ஊர் ஆட்களைப் போலத்தான். பெரிய எழுத்தில் இருப்பதை மட்டும் படித்துவிட்டு, கீழே பொடியில் இருப்பதைப் படிக்காமலே சம்மதித்துவிட்டது.

கரை காணாமல் போனதைத் தாவளம் எப்படி எடுத்துக்கொண்டது என்றால், எலவடியில் பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் முதல் வாரம் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுதார்கள், இரண்டாம் வாரம் உட்கார்ந்தார்கள், மூன்றாம் வாரம் அந்தப் பக்கமாக நடந்து போனார்கள், நாலாம் வாரம், ஆடிச் சீர் செய்ய வேண்டிய தங்கச்சிமார்கள் எல்லாரும் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அதிகாரி ஜீப்பில் வந்து கரையில் நின்று பார்த்தார். எலவடி ஆட்கள் பாலம் கேட்டு இருபத்திரண்டு வருடமாக மனுக் கொடுத்துவந்தார்கள். அந்தக் கோப்பு அவர் மேஜையில் தலையணை உயரத்தில் இருந்தது. பாலம் என்றால் இரண்டு முனை வேண்டும், ஒரு முனை மட்டும் இருந்தால் அதற்குப் படித்துறை என்று பெயர், படித்துறை எங்கள் பிரிவில் வராது என்று சொல்லி, அங்கேயே ஜீப் பானட்டின் மேல் வைத்துக் கோப்பை முடித்துக் கையெழுத்துப் போட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியைத் தாவளம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஆவணியில் வந்த இடைத்தேர்தலில் எலவடியின் நூற்றுப் பன்னிரண்டு ஓட்டும், அதற்கு முந்தைய வருடங்களில் செத்த நாலு பேருடையதும் சேர்த்து, ஒன்று குறையாமல் விழுந்திருந்தன. ஊரே இல்லாவிட்டாலும் அந்த ஊரின் ஜனநாயகம் இருந்தது என்று பஞ்சாயத்துத் தலைவர் தவசி மேடையில் நெகிழ்ந்து பேசினார்.

ஆனால் ஆற்றைத் தூக்கி நிறுத்தியது பிரணவ்தான். கோயம்புத்தூரில் இருந்து மலையேற்றக் கூட்டங்களை அழைத்து வருகிற ஆள். பெரு நாட்டில் ஆண்டீஸ் மலையில், மனிதர் போகாத பள்ளத்தாக்குகளில் இருபத்தாறு நாள் நடந்து பதினேழு ஆறுகளைக் கடந்தவர் என்று அவரே சொல்வார். ராக்கு அக்காவின் கடையில் உட்கார்ந்து அந்தப் பதினேழையும் வரிசையாகச் சொல்வார்: பனி உருகி வருகிற தண்ணீர் மத்தியானத்துக்கு மேல் பொங்கும், ஆகவே விடியும்போதே இறங்க வேண்டும், முதுகுப் பையின் இடுப்பு வாரைக் கழற்றிவிட்டு இறங்க வேண்டும், விழுந்தால் பை போகட்டும், ஆள் போகக் கூடாது, தண்ணீர் வருகிற திசையைப் பார்த்து நின்று, கழி ஊன்றி, பக்கவாட்டில் நகர வேண்டும். தாவளம் கவனமாகக் கேட்டது. ஆண்டீஸ் என்று அவர் சொன்னதை ஊர் ஆண்டிமலை என்று வாங்கிக்கொண்டது. அத்தனை உயரத்தில் ஆண்டிக்கு யார் பூஜை வைக்கிறார்கள், படி எத்தனை, காவடி எடுக்கிறார்களா என்று ராக்கு அக்கா கேட்டாள். பிரணவ், அங்கேயும் மலையைத்தான் கும்பிடுகிறார்கள் என்றார். அப்ப நம்மாளுகதான் என்று ஊர் திருப்தியடைந்தது.

முன்பெல்லாம் அவருடைய கூட்டம் கூனியாற்றைக் கடந்து, எலவடிப் பள்ளத்தாக்கில் இன்னும் நாலு ஆறு கடந்து, மூன்று மலைமுகடு ஏறி இறங்கும்; அட்டைக் கடியோடும் பாதி ஆட்கள் காய்ச்சலோடும் திரும்பும். அக்கரை காணாமல் போன பிறகு அந்தத் தொல்லை இல்லை. இறங்கினால் திரும்பி வந்துவிடலாம், திரும்பி வந்தால் டீ இருக்கும், கழற்றிவிட்ட செருப்பு இருக்கும், வழி தவற வாய்ப்பே இல்லை. பதினேழு தடவை இறங்கி ஏறினால் ஆண்டீஸுக்குச் சமம் என்று பிரணவ் சான்றிதழ் அச்சடித்தார். வந்த ஆட்கள் ஈரத் தலையோடு நின்று, பயணம் என்பது எங்கேயும் போய்ச் சேருவது அல்ல என்று இப்போதுதான் புரிகிறது என்றார்கள். ஒரு யோகா டீச்சர் பதினொன்றாவது தடவையில் அழுதுவிட்டார். தாவளம் ஈரத் துண்டு காயப்போடக் கொடி கட்டியது, மூங்கில் கழி வெட்டி வாடகைக்கு விட்டது, இஞ்சி டீயோடு மிளகுப் பணியாரமும் போட்டது, புரட்டாசிக்குள் ஆறு வீட்டில் தகரம் மாறி காங்கிரீட் வந்தது.

இதற்கு நடுவில் ஒரு சத்தம் இருந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு, தண்ணீர் எடுக்க வருகிற நேரத்தில், ஆற்றின் இல்லாத பக்கத்தில் இருந்து, "அக்கரையில யாராச்சும் இருக்கீகளா?" என்று கேட்கும். ஆண் குரலும் பெண் குரலுமாக இருபது முப்பது பேர். அரிசி இல்லை என்று கேட்கும், சுப்பாத்தாளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்று கேட்கும். முதலில் ஊர் இது எதிரொலி என்று முடிவு செய்தது. யாரும் இந்தப் பக்கம் கத்தவில்லையே என்று ராக்கு அக்கா சந்தேகம் கேட்டதற்கு, முன்பு எப்போதோ கத்தியது இப்போது வருகிறது, ஆண்டிமலையில்கூட அப்படித்தான் என்று தவசி சொன்னார். பிரணவ் அதற்கு ஆற்றின் குரல் என்று பெயர் வைத்தார். ஆறரைக்கே கூட்டம் பாய் விரித்துக் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்ளும். அரிசி இல்லை என்று ஆறு சொல்லும்போது மூச்சை உள்ளே இழுத்து, சுப்பாத்தாள் என்று சொல்லும்போது வெளியே விடுவார்கள்.

சன்னாசிக்கு அதில் ஒரு குரல் தெரியும். அவள் அரிசியும் கேட்கவில்லை, ஆளும் கேட்கவில்லை; மற்றவர்கள் கத்தும்போது பின்னால் இருமினாள். காய்ச்சலில் கிடந்தபோது இருமிய அதே இருமல். ஐப்பசி கடைசியில் அவளுக்கு நாள். எலவடியில் ஆஸ்பத்திரி இல்லை, நர்ஸ் இல்லை. பிரசவம் சிக்கலானால் டோலி கட்டி எட்டு ஆள் மாற்றி மாற்றித் தூக்கி ஆற்றைக் கடந்து தாவளத்துக்கு வந்து ஜீப் பிடிக்க வேண்டும். ஆற்றைக் கடக்கும் டோலி எலவடிக்கே திரும்பி ஏறினால் என்ன ஆகும் என்று அவன் தினமும் நினைத்தான், நினைத்தபடி தினமும் இறங்கினான், நாற்பது எட்டு வைத்தான், தன் செருப்பின் மேலேயே ஏறினான்.

கடைசியில் ஆறு எங்கே பிறக்கிறதோ அங்கே போய்ச் சுற்றி வந்துவிடுவோம் என்று ஆவணி முடிவில் கிளம்பினான். ஐந்து நாள். முதல் நாள் ஈற்றை மூங்கில் காடு, இரண்டாம் நாள் வீட்டளவு உருண்டைப் பாறைகள் அடைத்த பள்ளத்தாக்கு. அதில் பாறைக்குப் பாறை தாவ வேண்டும், தாவாத இடத்தில் தவழ வேண்டும், கீழே எங்கேயோ ஆறு வயிற்றுக்குள் உறுமுகிற மாதிரி உறுமும். மூன்றாம் நாள் இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர், நடுவில் மார்பளவுத் தண்ணீர், வானம் ஒரு நாடா. வழி நெடுக அவனுடைய மஞ்சள் அம்புகள் முன்னால் முன்னால் வந்து நின்றன, ஒன்றுகூடக் கோணாமல். ஒவ்வொன்றையும் பார்த்து இது எத்தனையாவது நாள் காய்ச்சலில் போட்டது என்று கணக்குப் பார்த்துக்கொண்டே நடந்தான். அம்புகள் முடிந்த இடத்துக்கு மேலே இரண்டு நாள் புல்லைப் பிடித்து ஏறி உச்சிக்கு வந்தால், சோற்றுப்பானை அளவில் ஓர் ஊற்று. தாண்டக்கூட வேண்டாம், ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம் வைத்து நின்றுவிடலாம். வலது காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தான். அது இடது காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அந்தப் பானைக்கும் ஒரு விளிம்புதான்.

இறங்கி வந்து, கால் எல்லாம் அட்டைக்கடி ரத்தத்தோடு ராக்கு அக்கா கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான், ஏழாவது தடவை கடந்துவிட்டுத் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா, ஓய்வுபெற்ற தமிழாசிரியை, போர்டைக் காட்டி, இது எழுதியவர் யார், இந்த இடத்தில் பெரிய ற வர வேண்டும் தம்பி, சின்ன ர போட்டால் எதிர்க்கரை என்று அர்த்தம் ஆகிவிடும் என்றார். சிவப்பு மை இல்லாததுதான் அவருக்கு வருத்தம். சன்னாசி டீயைக் கீழே வைத்தான். மூன்று மாதமாகத் தினமும் அந்தப் பலகைக்குப் பக்கத்தில்தான் செருப்பைக் கழற்றியிருக்கிறான்.

அன்று சாயங்காலமே தலைவர் வீட்டு முன்னால் ஊர் கூடியது. ஓர் எழுத்தை மாற்றிவிட்டால் போதும், கரை வந்துவிடும் என்று சன்னாசி சொன்னான். யாரும் நம்ப மறுக்கவில்லை. அதுதான் கஷ்டம், எல்லாரும் நம்பினார்கள். தவசி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "கரை வந்தா கரை மட்டுமா வரும், சன்னாசி? பாலம் வரும், மனு வரும், ஆடிச் சீர் வரும், டோலி தூக்க ஆளு கேட்டு வருவாக. இருக்குற ஒரு கரைய வச்சு நாம நல்லாத்தான இருக்கோம்" என்றார். கூட்டத்தில் பாதி தலையாட்டியது, மீதி தரையைப் பார்த்தது. அதிகாரியிடம் போனில் கேட்டார்கள். போர்டு பிழையில்லாமல் பெறப்பட்டது என்று பதிவேட்டில் ஏறிவிட்டது, பிழையில்லாத போர்டைத் திருத்துவது சட்டப்படி சேதப்படுத்துவது ஆகும் என்றார். அப்போது ராக்கு அக்கா, விரலால் காற்றில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு விஷயம் கேட்டாள். "ஏய்யா, பெரிய ற போட்டா, அக்கறை இல்லைனுல்ல ஆகும்? அப்ப கரை வந்துரும், அக்கறை போயிருமே?"

தவசி எட்டிப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பிறகு சிரித்தார். "அதுக்குப் போர்டு வேற வைக்கணுமாக்கும்" என்றார்.

ஊர் சிரித்துக்கொண்டே கலைந்தது. சன்னாசி மட்டும் அங்கேயே நின்று கணக்குப் போட்டுப் பார்த்தான். சின்னதை விட்டுவைத்தால் அவள் இருக்கிற கரை இல்லை. பெரியதைப் போட்டால் அவளைப் பற்றிய நினைப்பு இல்லை. ஆற்றைக் கடந்து போய் நின்று, யார் இந்தப் பொம்பளை, எதற்கு வயிற்றைத் தள்ளிக்கொண்டு நம்மையே பார்க்கிறாள் என்று திரும்பி வந்துவிடுவான். இதற்கு எந்த ர என்று அவனுக்குச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான்.

மறுநாள் காலை ஏழு மணி. புரட்டாசி மழையில் ஆறு செம்மண் நிறத்தில் மார்பளவு ஓடிக்கொண்டிருந்தது. பிரணவின் கூட்டம் நாற்பத்து மூன்று பேர் பாய் விரித்துக் கண்ணை மூடியிருந்தார்கள். சன்னாசி வெள்ளைப் பெயிண்ட் டப்பாவும் பிரஷுமாக வந்து போர்டுக்கு முன்னால் நின்றான். வழக்கம்போலக் குரல் கேட்டது, யாராச்சும் இருக்கீகளா என்று. அவன் ஆற்றைப் பார்த்துத் திரும்பி, முற்றத்தில் இருந்து கத்துகிற மாதிரியே கத்தினான்.

"ஏ வீரு, எந்த ர?"

அந்தப் பக்கம் எல்லாக் குரலும் நின்றது. இந்தப் பக்கம் நாற்பத்து மூன்று பேர் கண்ணைத் திறந்தார்கள். ஓர் இருமல் கேட்டது.

"எதுக்கு?"

ஆறு கேள்வி கேட்டது இதுவரை இல்லாதது என்று பிரணவ் கிசுகிசுத்தார். போன்கள் மேலே எழும்பின.

"அக்கறைக்கு."

"எந்த அக்கறைக்கு? ஆத்துக்கா, ஆளுக்கா?"

சன்னாசி சுற்றிலும் பார்த்தான். தாவளத்தில் ஆம்பளைகள் இப்படிப்பட்ட விஷயத்தை வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் இல்லை; கல்யாணம் ஆகி ஆறு வருடத்தில் அவன் சொன்னதில்லை, அவனுடைய அப்பன் சொன்னதாகவும் தகவல் இல்லை. பெயிண்ட் டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஆளுக்குத்தான். எனக்கு ஒம்மேல இருக்குல்ல, அது."

அந்தப் பக்கம் மறுபடியும் ஓர் இருமல்.

"அது இருக்கா?"

"இருக்கு."

"என்ன எழுதியிருக்க, முழுசாப் படி."

"அக்கரை இல்லை."

"இருக்குங்குற, இல்லைனு எழுதி வச்சிருக்குற" என்றது குரல், கறிக்கடைக்கும் அரிசிக்கும் சொன்ன அதே சலிப்போடு. "ர கெடக்கட்டும் மாமா, எதுவா வேணா இருந்துட்டுப் போகட்டும். மொதல்ல இல்லைய அழி."

சன்னாசிக்கு இது தோன்றியிருக்கவே இருக்காது; அவன் ஓர் எழுத்தைப் பற்றியே மூன்று மாதத்துக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டவன். பிரஷைத் தோய்த்தான். தவசி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, அரசாங்கச் சொத்து என்று கத்திக்கொண்டே டப்பாவை எட்டி உதைத்தார், டப்பா யோகா டீச்சரின் பாய் மேல் கவிழ்ந்தது, ஆனால் பிரஷில் இருந்தது போதும். மேலிருந்து கீழே இரண்டு இழுப்பு. இல்லை இல்லாமல் போனது.

அக்கரை வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, இருந்தது. கண்ணுக்கு நேரே, நாற்பது எட்டுத் தூரத்தில், எலவ மரமும் மண் சரிவும், கரை நெடுக வாயைக் கையால் குவித்தபடி முப்பது நாற்பது பேரும், எல்லாரும் மூன்று மாதத்துக்கு மெலிந்து, ஒரே மாதிரி ஆச்சரியம் இல்லாமல் இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒரு பாறையில் வீருசின்னு உட்கார்ந்திருந்தாள், வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு.

பிரணவின் கூட்டம் எழுந்து நின்றது. இப்போது ஆற்றுக்கு ஒரு போய்ச்சேரும் இடம் இருந்தது, நடுவில் மரக்கட்டைகளைப் புரட்டிக்கொண்டு ஓடுகிற வெள்ளம் இருந்தது, எதிரே பசித்த மனிதர்கள் இருந்தார்கள். பிரணவ் பதினேழு ஆறு கடந்தவர், முறைப்படி இடுப்பு வாரைக் கழற்றினார், தண்ணீரைப் பார்த்தார், எதிர்க்கரையைப் பார்த்தார், வாரைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு எல்லாருமாகப் போர்டைப் படித்தார்கள். வெள்ளை இழுப்பு போக மீதி இருந்தது: அக்கரை என்றால் ஆற்றில் இறங்காதே. யாரும் இறங்கவில்லை.

சன்னாசி இறங்கினான். பிரஷைக் கீழே போட மனசில்லாமல் பல்லில் கடித்துக்கொண்டு, டீக்கடையில் ஓசியில் கேட்ட பாடம் எல்லாவற்றையும் செய்தான். தண்ணீர் வருகிற திசையைப் பார்த்து நின்றான், கழியை ஊன்றினான், காலால் தடவிக் கல்லைக் கண்டுபிடித்த பிறகே அடுத்த காலை எடுத்தான். இருபதாவது எட்டில் கழி போயிற்று. முப்பதாவது எட்டில் கால் போயிற்று. எலவடி ஆட்கள் அதற்குள் கைகோத்துச் சங்கிலியாகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தார்கள். அவர்கள் ஆண்டிமலையைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை, இருபத்திரண்டு வருடமாகப் பாலம் இல்லாமல் கடந்து பழகியவர்கள். சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். வீருசின்னு பாறையை விட்டு எழுந்து வந்து, அவன் வாயில் இருந்து பிரஷைப் பிடுங்கினாள்.

"பல்லெல்லாம் பெயிண்ட்டு" என்றாள்.

வெள்ளம் வடிந்த ஐந்தாம் நாள் அவளை டோலியில் கொண்டுவந்தார்கள், சன்னாசி முன்னால் கல் தடவிக்கொண்டே போனான், தாவளத்தில் ஜீப் பிடித்து டவுனுக்குப் போய் அங்கேயே தங்கி, ஐப்பசியில் பெண் குழந்தை. அதற்குள் தாவளத்தில் அவனுக்கு வீடு இல்லை என்றாகிவிட்டது. கொடியில் துண்டு இல்லை, பணியாரச் சட்டி காய்ந்து கிடந்தது, ஊருக்கு அவனைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவர்கள் எலவடிக்கே போய்விட்டார்கள். பாலத்துக்கு மறுபடி மனுக் கொடுத்தபோது, பழைய கோப்பு அக்கரை இல்லாத காரணத்தால் முடிக்கப்பட்டிருப்பதால், அக்கரை இருப்பதற்கான சான்றிதழை, அக்கரையில் வசிக்காத இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு இணைக்கச் சொன்னார்கள். தாவளத்தில் கையெழுத்துப் போட ஆள் கிடைக்கவில்லை.

தை மாதம் புதுப் போர்டு வந்தது. டவுனில் கம்ப்யூட்டரில் அடித்தது, ஓர் எழுத்துப் பிழை இல்லை, பெரிய ற, பழைய அமைப்பு மாறக் கூடாது என்பதால் முதல் வரி மட்டும் ஆள் உயரத்தில்: அக்கறை இல்லை. கூனியாறு படித்தது, தாவளத்துக் கரையில் அப்படியே ஆகட்டும் என்று விட்டுவிட்டது. அது எந்தக் கிழமையில் நடந்தது என்று தாவளத்து ஆட்களிடம் கேட்டால் சொல்லத் தெரியாது. யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தவசி அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார்.

சன்னாசிக்கு மட்டும் தெரியும். சனிக்கிழமை சாமான் வாங்கக் கடந்து வருவான். தாவளத்துக் கரையில் கால் வைத்த உடனே, ஈரம் சொட்டுகிற மாதிரி, யாருக்காக வந்தோம் என்பது அவனிடமிருந்து சொட்டிவிடும். முதல் சனிக்கிழமை மூன்று டீ குடித்துவிட்டு, சாயங்காலம் வரை சீட்டாடிவிட்டு, நல்ல ஊர் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கை கழுவ ஆற்றுக்கு இறங்கியபோதுதான் தண்ணீர் பட்டு வீருசின்னுவும் குழந்தையும் ஞாபகத்துக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு கிளம்புமுன் வீருசின்னு அவன் வலது உள்ளங்கையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி அனுப்புகிறாள்: குழந்தைக்கு இருமல் மருந்து, எனக்கு வெற்றிலை, இரண்டு பேரும் உன் ஆட்கள், அக்கறையாக வாங்கி வா. பெரிய ற.

தண்ணீரில் அழிந்துவிடக் கூடாது என்று அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியே அவன் ஆற்றைக் கடந்து வருவான். தூரத்தில் இருந்து பார்த்தால் யாரோ உதவிக்குக் கூப்பிடுகிற மாதிரிதான் இருக்கும். தாவளத்துக் கரையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.